காய்ச்சல் இல்லாத மலேரியா: கர்ப்பிணிகளைப் பற்றி நாம் அறிய வேண்டியவை

எங்கள் பள்ளியைச் சுற்றி நான்கைந்து செங்கல் சூளைகள் இருக்கின்றன. பொங்கல் விடுமுறை முடிந்த சில நாள்களில் வருகைப் பதிவேட்டில் புதுப் பெயர்கள் சேரத் தொடங்கும். மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகள். மழைக்காலம் தொடங்குவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு எந்த மொழியில் எப்படிக் கற்பிப்பது என்று நாம் பயிற்சிகளில் நிறையப் பேசியிருக்கிறோம். நான் எழுத வந்தது அவர்களுடைய அம்மாக்களைப் பற்றி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியர் பள்ளிக்கு வந்தார். "டீச்சர், உங்க மூணாம் வகுப்புப் பொண்ணோட அம்மா மாசமா இருக்காங்க. நான் சொல்றது அவங்களுக்குப் புரியல, அவங்க சொல்றது எனக்குப் புரியல. கொஞ்சம் வர்றீங்களா?" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியை நம்பி உணவு இடைவேளையில் போனேன். ஆறாவது மாதம். காய்ச்சல் இல்லை. அசதி, மூச்சு வாங்கல், அவ்வளவுதான். செவிலியர் எடை பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தார். அதே விரலில் இருந்து இன்னொரு துளியை மலேரியா பரிசோதனை அட்டையில் விட்டார்.

"காய்ச்சலே இல்லையே சிஸ்டர், மலேரியா டெஸ்ட் எதுக்கு?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் இருந்தா யாருக்கும் சந்தேகம் வரும் டீச்சர். இவங்க ஊர்ல காய்ச்சல் இல்லாமலேயும் உள்ள இருக்கும்" என்றார். கால் மணி நேரத்தில் அட்டையில் இரண்டாவது கோடும் தெரிந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பார்த்து மருந்து கொடுத்தார். மே மாதத்தில் அரசு மருத்துவமனையில் 2.6 கிலோ எடையில் ஆண் குழந்தை பிறந்தது. அந்தச் செவிலியர் அன்று அந்த இரண்டாவது துளியை எடுக்காமல் விட்டிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. நம் மாநிலத்தில் மலேரியா மிகவும் குறைந்துவிட்ட நிலையில், காய்ச்சல் இல்லாத ஒரு பெண்ணிடம் அதைத் தேட வேண்டும் என்று தோன்றுவது எளிதல்ல. அவருக்கு ஏன் தோன்றியது, மற்ற இடங்களில் ஏன் தோன்றாமல் போகிறது என்று அறியும் ஆவலில் படிக்கத் தொடங்கினேன். அறிவியல் ஆசிரியர்களுக்கும், இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று நினைத்ததை இங்கே தருகிறேன்.

ஒட்டிக்கொள்ளும் கிருமி

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் பிளாஸ்மோடியத்தின் வாழ்க்கைச் சுழற்சியை நடத்துகிறோம். அனோஃபிலிஸ் பெண் கொசு, கல்லீரல், சிவப்பணு, மீண்டும் கொசு என்று வட்டம் வரைந்து முடிக்கிறோம். அந்த வட்டத்தில் இடம்பெறாத ஓர் உறுப்பு உண்டு. பாடநூல் அதைத் தாய்-சேய் இணைப்புத்திசு என்கிறது. வீட்டில் நாம் நஞ்சுக்கொடி என்போம்.

மலேரியா ஒட்டுண்ணிகளில் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்பதே உயிருக்கு அதிக ஆபத்தானது. அது சிவப்பணுவுக்குள் புகுந்து வளரும்போது அந்தச் சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களை நீட்டுகிறது. முதிர்ந்த ஒட்டுண்ணியுள்ள சிவப்பணு மண்ணீரலுக்குள் சென்றால் அழிக்கப்பட்டுவிடும். அதிலிருந்து தப்பிக்க, இரத்தக் குழாயின் சுவரில் ஏதாவது ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பது அதன் உத்தி. மூளையின் நுண்குழாய்களில் ஒட்டினால் மூளை மலேரியா. கர்ப்பிணியின் உடலில் அதற்குப் புதிதாக ஓர் இடம் கிடைக்கிறது. நஞ்சுக்கொடியின் பரப்பில் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்-ஏ என்ற பொருள் இருக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை ஃபால்சிபாரம் வைத்திருக்கிறது. 'வார்-2-சிஎஸ்ஏ' என்று ஆய்வாளர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதை அறிந்ததும் பல கேள்விகளுக்கு விடை கிடைத்தது. மலேரியா மிகுந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குச் சிறுவயதிலிருந்து பலமுறை அந்த நோய் வந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும். ஆனால் நஞ்சுக்கொடியில் ஒட்டும் வகை ஒட்டுண்ணியை அவள் உடல் அதுவரை சந்தித்ததே இல்லை. சந்திக்க நஞ்சுக்கொடியே இருந்ததில்லை அல்லவா! அதனால் அத்தகைய ஊர்களில் முதல் கர்ப்பத்தில்தான் பாதிப்பு அதிகம். இரண்டாவது, மூன்றாவது கர்ப்பங்களில் உடல் அந்த வகைக்கும் எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்வதால் பாதிப்பு குறைகிறது. நம் நாட்டின் பெரும்பாலான பகுதிகளைப் போல மலேரியா குறைவாக உள்ள இடத்தில் கதை வேறு. அங்கே எந்தப் பெண்ணுக்கும் போதிய எதிர்ப்பாற்றல் இருக்காது. எத்தனையாவது கர்ப்பம் என்றாலும் கடுமையான காய்ச்சல், கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், தாயின் உயிருக்கே ஆபத்து என்ற அளவுக்குப் போகலாம்.

காய்ச்சல் இல்லாமல் கிருமி இருப்பது எப்படி என்ற கேள்விக்கும் இதில்தான் விடை. பழைய எதிர்ப்பாற்றல் காய்ச்சலை அடக்கி வைத்திருக்கிறது. ஒட்டுண்ணிகளோ நஞ்சுக்கொடியில் கூட்டமாக ஒதுங்கியிருக்கின்றன. விரல்நுனியில் எடுக்கும் இரத்தத்தில் சிலவே இருக்கும், அல்லது ஒன்றும் இராது. நுண்ணோக்கியில் இரத்தத் தடவலைப் பார்ப்பவர் 'இல்லை' என்று எழுதுவார். அவர் பார்த்ததில் பிழை இல்லை. ஒட்டுண்ணி வெளியிடும் புரதத்தைக் கண்டறியும் விரைவுப் பரிசோதனை அட்டை சில நேரங்களில் நுண்ணோக்கி தவறவிட்டதைக் காட்டும். ஆனால் அந்தப் புரதம் நோய் குணமான பிறகும் சில வாரங்கள் இரத்தத்தில் தங்கும். ஆகவே அட்டையில் கோடு வந்தால் அண்மையில் மருந்து சாப்பிட்டாரா என்றும் கேட்க வேண்டும். நான் போன அன்று அந்தக் கேள்வியைத்தான் செவிலியர் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்கச் சொன்னார்.

நஞ்சுக்கொடியில் ஒட்டுண்ணிகள் சேர்ந்தால் அங்கே அழற்சி உண்டாகிறது. தாயிடமிருந்து குழந்தைக்குப் போக வேண்டிய ஆக்சிஜனும் சத்தும் குறைகின்றன. தாய்க்கு இரத்தசோகை. குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைவாகவோ, மாதம் நிறையாமலோ பிறக்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளில் சிலர் பின்னாளில் வளர்ச்சியிலும் கற்றலிலும் பின்தங்குவதை நாம் வகுப்பறையில் பார்க்கிறோம். அது கருவிலேயே தொடங்கிய கதையாக இருக்கலாம்.

மருந்தும் இருக்கிறது, பெண்ணும் வருகிறாள்

இந்தத் துறையில் நீண்ட அனுபவம் உள்ளது சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு. அங்கே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஏற்பாடு மூன்று பகுதி கொண்டது. பூச்சிமருந்து ஊட்டிய கொசுவலை. நோய் வந்தால் உடனே பரிசோதித்துச் சரியான சிகிச்சை. நோய் இருக்கிறதா என்று பாராமலே கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போது ஒரு தவணைத் தடுப்பு மருந்து. மூன்றாவதுதான் நமக்குப் புதிது. சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரைகள் மூன்றை ஒரே வேளையில் விழுங்க வேண்டும். இரண்டாம் மும்மாதத்தில் தொடங்கி, மாதம் ஒருமுறை, பிரசவம் வரை. குறைந்தது மூன்று தவணை. மலிவான, பழைய மருந்து. எச்.ஐ.வி.க்காக வேறு ஒரு சல்ஃபா மருந்தைத் தினமும் எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு இது கூடாது.

2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி 33 ஆப்பிரிக்க நாடுகளில் மூன்று தவணையும் பெற்றவர்கள் 100 கர்ப்பிணிகளுக்கு 42 பேர். ஒரு முறையாவது கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்தவர்களோ ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. அதாவது பெண் சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். மருந்து அந்த நாட்டில் இருக்கிறது. ஆனாலும் அது அவள் வாய்க்குள் போகவில்லை. 'தரமான சிகிச்சை' என்று நாம் சொல்வது இந்த இடைவெளியைத்தான். இதைப் பற்றிய ஆய்வுகளில் சொல்லப்படும் காரணங்களைப் படித்தபோது ஒரு பள்ளியின் அன்றாடத்தைப் படிப்பது போலவே இருந்தது.

முதல் காரணம், விதி எழுதப்பட்ட முறை. டான்சானியா முன்பு முதல் தவணை 20 முதல் 24 வாரத்துக்குள், இரண்டாவது தவணை 28 முதல் 32 வாரத்துக்குள் என்று வைத்திருந்தது. ஒரு பெண் 26ஆவது வாரத்தில் வந்தால் என்ன செய்வது? முதல் தவணைக்கு நேரம் கடந்துவிட்டது. இரண்டாவதற்கு இன்னும் வரவில்லை. செவிலியர் அட்டவணையைப் பார்க்கிறார், பெண்ணை அனுப்பிவிடுகிறார். மருந்து அலமாரியிலேயே இருக்கிறது. 2012இல் உலக சுகாதார நிறுவனம் இதை எளிமையாக்கியது. இரண்டாம் மும்மாதம் தொடங்கிவிட்டதா, போன தவணை கொடுத்து ஒரு மாதம் ஆகிவிட்டதா, கொடுங்கள். அவ்வளவுதான் விதி. மேற்கு கென்யாவில் இப்படி எளிய சொற்களில் எழுதிக் கொடுத்துச் செவிலியர்களுக்கு மறுபயிற்சி அளித்தபோது மருந்து பெற்றவர்களின் அளவு கூடியது. பயிற்சி ஏடுகளும் சுற்றறிக்கைகளும் எழுதும் இடத்தில் இருப்பவர்கள் இந்த 26ஆவது வாரத்துப் பெண்ணை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

இரண்டாவது காரணம் ஒரு டம்ளர் தண்ணீர். மருந்தைச் செவிலியர் கண்முன்னே விழுங்க வைக்க வேண்டும் என்பது பரிந்துரை. பல சுகாதார நிலையங்களில் குடிக்கத் தகுந்த தண்ணீரோ டம்ளரோ இல்லை. மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். வெறும் வயிற்றில் கூடாது என்ற நம்பிக்கையும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினால் பல மைல் நடந்து வந்தவர் திரும்பி வருவாரா? உண்மையில் இந்த மருந்தை வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம்.

நம் பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறோம். மதிய உணவுக்குப் பிறகு, கண்முன்னே விழுங்க வைத்து, பதிவேட்டில் குறிக்கிறோம். எங்கள் பள்ளியில் தண்ணீர் வராத நாளில் இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாத்திரை சட்டைப் பையில் போகும், மறுநாள் பள்ளி மைதானத்தில் கிடக்கும். மாத்திரை இருப்பு, டம்ளர், தண்ணீர், பொறுமையாக நிற்க ஓர் ஆசிரியர் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஒரு பிள்ளையின் வாய்க்குள் ஒரு மாத்திரை போகும். கர்ப்பிணிக்கும் அதே கணக்குதான்.

மூன்றாவதாக ஒன்று, இது கொஞ்சம் வேதியியல். சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் ஒட்டுண்ணி ஃபோலேட்டைத் தயாரித்துப் பயன்படுத்தும் பாதையை அடைத்து அதைக் கொல்கிறது. கர்ப்பிணிக்கோ ஃபோலிக் அமிலம் தேவை. நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம் அளவில் கொடுத்தால் சிக்கல் இல்லை. ஆனால் பல நாடுகளின் மருந்துக் கிடங்குகளில் 5 மில்லிகிராம் மாத்திரைகளே இருந்தன. அந்த அளவு கொடுத்தால் மலேரியா மருந்தின் வேலை கெட்டுவிடும். இரண்டு நல்ல மருந்துகள், இரண்டு நல்ல திட்டங்கள். ஒன்றின் அளவு இன்னொன்றுக்குத் தெரியாததால் இரண்டும் சேர்ந்து ஒரு பயனற்ற சிகிச்சை. (ஃபோலேட்டின் கதைக்கு நம் மண்ணோடும் தொடர்பு உண்டு. கர்ப்பிணிகளின் இரத்தசோகையை மும்பையின் ஆலைத் தொழிலாளர் பெண்களிடையே ஆராய்ந்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒன்று அதைக் குணப்படுத்துகிறது என்று 1931இல் வெளியிட்டார். அந்த 'ஏதோ ஒன்று'தான் பின்னர் ஃபோலேட் என்று தெரிந்தது. அவர் நம் குன்னூரிலும் பணியாற்றியிருக்கிறார். வகுப்பில் சொன்னால் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.)

காங்கோ ஜனநாயகக் குடியரசு, மடகாஸ்கர், மொசாம்பிக், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் சில பகுதிகளில் கிராமத்துச் சுகாதாரத் தன்னார்வலர்களே வீட்டுக்கு வந்து தவணை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலேயே கிடைத்தால் பெண்கள் சுகாதார நிலையத்துக்கு வராமல் போய்விடுவார்கள் என்று பலர் அஞ்சினார்கள். அப்படி நடக்கவில்லை. மருந்து கொடுக்க வந்தவரே பரிசோதனைக்கும் போகச் சொன்னார். 2022இல் உலக சுகாதார நிறுவனமும் இந்த வழியை ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் இந்தத் தடுப்புத் தவணை முறை இல்லை. இங்கே பெரும்பாலான இடங்களில் நோய்ப் பரவல் அந்த அளவுக்கு இல்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் மருந்து கொடுப்பதைவிடத் தேடிப் பரிசோதித்து, இருப்பவருக்குச் சிகிச்சை கொடுப்பதே நம் வழி. அப்படியானால் அந்தத் தேடல்தான் நம் தரத்தின் அளவுகோல். தேடாத இடத்தில் நமக்கு ஒன்றுமே இல்லை.

ஒடிசா செய்தது

தேடுவதை ஒடிசா பெரிய அளவில் செய்து காட்டியது. சாலை இல்லாத மலைக் கிராமங்களில் காய்ச்சல் உண்டா இல்லையா என்று பாராமல் ஊரில் எல்லோருக்கும் பரிசோதனை, கிருமி இருந்தால் உடனே மருந்து, கூடவே கொசுவலை, கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தனிக் கவனம். மழைக்கு முன்பும் பின்பும் முகாம்கள். 'துர்கம அஞ்சளரே மலேரியா நிராகரண' என்பது அதன் பெயர். எட்டாத பகுதிகளில் மலேரியா ஒழிப்பு என்று பொருள். 2016இல் அந்த மாநிலத்தில் பதிவான மலேரியா 4 லட்சத்துக்கும் மேல். 2018இல் அது 70,000க்கும் கீழே வந்தது. இதற்கு முன்பே 'மோ மஷாரி', அதாவது 'என் கொசுவலை' என்ற திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவர்களுக்கும் வலை கொடுத்தார்கள். பள்ளியையும் பிரசவத்தையும் ஒரே திட்டத்தில் சேர்த்து யோசித்தவர் யாரோ, அவரைப் பாராட்டத் தோன்றுகிறது. பிரசவ நாளுக்கு முன்பே வந்து தங்க 'மா கிருஹ' என்ற இல்லங்களும் அங்கே உண்டு.

அந்த ஊர்ப் பெண் நம் ஊருக்கு வேலைக்கு வரும்போது இந்த ஏற்பாடு எதுவும் அவளோடு வருவதில்லை. கொசுவலை ஊரில் உள்ள வீட்டில் இருக்கிறது. அவளுடைய ஆஷா பணியாளர் அங்கே இருக்கிறார். ஒட்டுண்ணி மட்டும் கூடவே வருகிறது. வைவாக்ஸ் வகையென்றால் கல்லீரலில் உறங்கி, பல மாதங்கள் கழித்தும் எழும். சூளைக்காக மண் வெட்டிய குழிகளில் தேங்கும் தெளிந்த நீர் அனோஃபிலிஸுக்கு ஏற்ற இடம். சென்னை போன்ற நகரங்களில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் அனோஃபிலிஸ் ஸ்டெஃபென்சி இருக்கிறது. 2012இல் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டு, இப்போது ஆப்பிரிக்க நகரங்களைக் கவலைப்பட வைத்திருப்பதும் இதே இனம்தான். ஆகவே கட்டட வேலைக்கு வரும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

மருந்தைப் பகிர்ந்துகொள்வது

எந்த மருந்து என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை. ஆனால் ஏன் அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சூளைகளில் நான் கண்ட வழக்கம் இது: கணவனுக்குக் காய்ச்சல் வந்து மாத்திரை வாங்கினால் மனைவிக்கும் அதிலேயே இரண்டு கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் கூலி போகாமல் இருக்க அது ஒரு வழி.

கணவனுக்கு வைவாக்ஸ் மலேரியா என்றால் குளோரோகுயினோடு பிரைமாகுயின் 14 நாள்கள் கொடுப்பார்கள், கல்லீரலில் உறங்குவதையும் அழிக்க. பிரைமாகுயின் கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். வயிற்றில் உள்ள குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கர்ப்பிணிக்குக் குளோரோகுயின் மட்டும்.

ஃபால்சிபாரம் என்றால் மாதம் முக்கியம். நான்காவது மாதத்திலிருந்து ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து மூன்று நாள்கள். முதல் மூன்று மாதத்தில் நெடுங்காலம் குயினைன்தான் கொடுத்துவந்தார்கள். ஏழு நாள்கள், நாளுக்கு மூன்று வேளை, கடும் கசப்பு, காதில் இரைச்சல், குமட்டல். ஏற்கெனவே மசக்கையில் இருப்பவர் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார். போதாததற்குக் குயினைன் கர்ப்பிணியின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். மயக்கம் வந்தால் 'மலேரியா முற்றிவிட்டது' என்று நினைப்பார்கள், சர்க்கரை இறங்கியது தெரியாமல் போகும். பிறகேன் இவ்வளவு காலம் அதையே கொடுத்தார்கள்? விலங்குச் சோதனைகளில் ஆர்ட்டிமிசினின் இளங்கருவைப் பாதித்தது; கர்ப்பிணிகளை மருந்து ஆய்வுகளில் சேர்ப்பதுமில்லை. கர்ப்பம் என்று தெரியாமலே அந்த மருந்தைச் சாப்பிட்ட பெண்களின் பதிவுகளைப் பல ஆண்டுகள் சேர்த்துப் பார்த்த பிறகே குயினைனைவிடக் கேடு இல்லை என்று தெளிவானது. 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் முதல் மும்மாதத்திலும் ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் கொடுக்கலாம் என்று அறிவித்தது. பாதுகாப்பு என்ற பெயரில் ஆய்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டதால் பெண்களுக்கு நல்ல மருந்து தாமதமாகக் கிடைத்தது என்பதுதான் என் கருத்து.

அதனால் மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா என்ற கேள்வியைக் காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கூட்டத்தின் நடுவே, கணவன் முன்னாலோ மாமனார் முன்னாலோ, இன்னொரு மொழியில் கேட்டால் உண்மையான பதில் வராது.

பள்ளி என்ன செய்யலாம்

பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் நம்மால் மட்டும் செய்ய முடிந்த சில உண்டு. சூளைக்கும் கட்டட வேலைத் தளத்துக்கும் வரும் குடும்பம் முதலில் முகம் காட்டும் அரசு அலுவலகம் பெரும்பாலும் பள்ளிதான். பிள்ளையைச் சேர்க்க அம்மா வருகிறார். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா என்று அப்போதே கேட்டு, அவர்கள் சம்மதித்தால் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரிவிக்கலாம். எங்கள் பள்ளியில் சேர்க்கை நாளிலேயே செவிலியரின் கைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கர்ப்பத்தைப் பதிவு செய்ய உள்ளூர் முகவரிச் சான்று இல்லையே என்று அவர்கள் தயங்கினால், பரிசோதனைக்கும் மருந்துக்கும் அது தடையில்லை, காசும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பலர் வராததற்கு அந்தப் பயமே காரணம்.

மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூப்பிடுவதை நான் விரும்புவதில்லை. எட்டு வயதுப் பெண் தன் அம்மாவிடம் கருச்சிதைவு பற்றிக் கேட்க நேர்வது நல்லதல்ல. அம்மாவும் மகளிடம் உண்மை சொல்ல மாட்டார். பல பருவங்களாக வந்துபோகும் மூத்த பெண் ஒருவர் எந்தச் சூளையிலும் இருப்பார். தமிழ் ஓரளவு தெரிந்தவர். எங்கள் சூளைகளில் அப்படி ஒருவரைச் செவிலியருக்கு அறிமுகப்படுத்தினேன். அதன்பிறகு என் இந்திக்கு வேலை இல்லாமல் போனது.

ஏப்ரல் 25 உலக மலேரியா நாள், ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்ட நாள் அது. பேரணியும் உறுதிமொழியும் நடத்துகிறோம். அதோடு வகுப்பில் பிளாஸ்மோடியத்தின் வட்டத்தை வரையும்போது சிவப்பணுவிலிருந்து ஒரு அம்பு போட்டு நஞ்சுக்கொடியையும் வரைந்து காட்டுங்கள் என்று உயர்நிலை, மேல்நிலை அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாடத்திட்டத்துக்கு வெளியே ஐந்து நிமிடம். ஒன்பதாம் வகுப்பிலேயே பெண் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். கர்ப்பிணியைக் கொசு அதிகம் கடிக்குமா என்று ஒருத்தி கேட்டாள். ஆம், காம்பியாவில் நடந்த ஆய்வில் கர்ப்பிணிகளிடம் இரண்டு மடங்கு கொசுக்கள் ஈர்க்கப்பட்டன. மூச்சின் அளவு கூடுவதும் உடல் வெப்பம் சற்று உயர்வதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

கொசுவலை பற்றியும் ஒரு சொல். மருந்து ஊட்டிய வலை கிடைத்தால் நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் மருந்தின் வீரியம் போகும். சுமார் 20 முறை துவைக்கும் வரை தாங்கும். சூளைக் குடிசையின் கூரை தாழ்வு, ஆணி அடிக்கச் சுவர் இல்லை. நான்கு மூலைக்கும் கயிறு கட்டி மூங்கிலில் முடிந்துகொள்ள ஒருமுறை காட்டினால் போதும். வலை இருந்தும் மாட்ட முடியாமல் மூட்டையிலேயே வைத்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று, இதைப் பலரும் மறக்கிறார்கள். வைவாக்ஸ் வந்த கர்ப்பிணிக்குப் பிரைமாகுயின் கொடுக்கவில்லை என்றால் கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணி அப்படியே இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் அதற்கு மருந்து கொடுக்க வேண்டும். பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் ஆன பிறகு, ஜி6பிடி பரிசோதித்துவிட்டுத் தருவது வழக்கம். அதற்குள் குடும்பம் ஊர் திரும்பியிருக்கும். அதனால் எங்கள் செவிலியர் தாய் சேய் நல அட்டையின் கடைசிப் பக்கத்தில் எந்த வகை மலேரியா, எந்தத் தேதியில், எந்த மருந்து கொடுக்கப்பட்டது, எது பாக்கி என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, அங்குள்ள ஆஷாவிடம் காட்டச் சொல்லி அனுப்புகிறார். பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை வாங்க மே மாதக் கடைசியில் பெற்றோர் பள்ளிக்கு வரும்போது அந்த அட்டை மூட்டையில் இருக்கிறதா என்று நாங்கள் ஒருமுறை கேட்டுக்கொள்கிறோம்.